மாடிக்கு விட்ட கம்பி

ஜூன் 11, டெர்பி

வந்து சேர்ந்தோம். விமானத்தில் தெய்வானை ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். மகன் பூபதி காரோடு வந்திருந்தான். இளைத்திருக்கிறான். கேட்டால் ஜிம்முக்குப் போகிறானாம். தின்று கொழுத்தவன் போகிற இடத்துக்கு உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். சிரித்தான். மருமகள் இந்துஜா கொள்ளும் கத்தரிக்காயும் வைத்திருந்தாள். ருசியாக இருந்தது என்று சொல்லவில்லை, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 12

எந்த ஊருக்கு வந்தாலும் டைரி எழுதுவதை விடக் கூடாது. பனியன் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து எழுதுகிறேன், சீமைக்கு வந்தால் மட்டும் கை வலிக்குமா?

திருப்பூரில் புது வீட்டுச் சுவர் எழும்பி நிற்கிறது. மேலே கூரைக்கு மோல்டு போட வேண்டும். ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தத்தில் கான்கிரீட் என்று மேஸ்திரி மாரப்பனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கீழே நானும் தெய்வானையும். மாடி முழுவதும் பூபதிக்கு. நான்கு படுக்கையறை, ஒரு ஹால், மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஓர் அறை. ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இது ஏழாவது வருடம். இருக்க வசதியாக ஓர் இடம் இருந்தால்தானே பையன் வருவான்? வீடு முடியட்டும், தானாக வருவான்.

தீராமல் இருப்பது மாடிப்படி ஒன்றுதான். இன்ஜினியர் பையன் கொடுத்த வரைபடங்கள் எல்லாம் ஆஸ்பத்திரிப் படி மாதிரி இருக்கின்றன. நாச்சிமுத்து வீட்டுப் படியைப் பார்த்தாயா என்று ஊர் பேச வேண்டும். அதனால் பூபதியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: எனக்கு லண்டன் வேண்டாம், ராணி வீடு வேண்டாம். இந்த ஊர் ஜமீன்தார்கள் கட்டிய பங்களாக்களைக் காட்டு. ஒரு கார்டு எடுத்தால் வருடம் முழுவதும் எத்தனை பங்களா வேண்டுமானாலும் பார்க்கலாமாம். எடுத்துவிட்டான். அளக்கிற என் டேப் பத்திரமாகப் பெட்டியில் வந்திருக்கிறது.

ஜூன் 14, சனி

கிரேல்ஸ்டன் ஹால். அரண்மனை என்று நான் சொல்கிறேன், இவர்கள் வீடு என்றுதான் சொல்கிறார்கள். வெளிக் கேட்டில் நுழைந்து காரில் போகிறோம், போகிறோம், வீடு வரவே இல்லை. இரண்டு பக்கமும் புல்வெளி, ஆடுகள், தூரத்தில் மான் கூட்டம். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின, வீடு தெரிந்தது. தேன் நிறத்தில் கல். எத்தனை ஜன்னல் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். தெய்வானை என் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் பழனியில் தைப்பூசக் கூட்டத்தில் பிடித்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. திருஷ்டிக்குத்தான் என்றேன். இல்லையாம், குடும்ப முத்திரையாம். நம் புது வீட்டு முன்னால் பூசணிக்காயில் மீசை வரைந்து கட்டியிருக்கிறோம், அதற்கும் நாக்கு நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இவர்கள் எந்தப் பெயர் சொன்னாலும் சரி, எல்லா ஊரிலும் கொள்ளிக்கண் உண்டு.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூரை முழுவதும் ஓவியம். மேகம், தேர், குதிரைகள், சிறகு முளைத்த குழந்தைகள். ஒரு குதிரையின் முன்னங்கால் கூரையிலிருந்து என் தலைமேல் இறங்குகிற மாதிரியே இருந்தது, ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். முந்நூறு வருடம் முன்பு வரைந்தது. என் ஆயுளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இனி பார்க்கவும் மாட்டேன் என்று நினைத்தேன். அடுத்த அறைக்குப் போனால் அங்கே கூரையில் அதைவிடப் பெரிய ஓவியம்.

இரண்டு தப்பு செய்தேன். கால் வலிக்கிறதே என்று உட்கார இடம் தேடியபோது ஒரு நல்ல நாற்காலியில் காய்ந்த முள் கிடந்தது. இத்தனை பெரிய வீட்டில் குப்பையைக்கூட எடுக்கவில்லையே என்று அதை எடுத்து, அங்கே காவலுக்கு நின்ற அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உட்காரக் கூடாது என்பதற்காக வைத்த முள்ளாம் அது. உட்காராதே என்று எழுதி வைத்தால் விருந்தாளியை அவமதித்ததாகிவிடுமாம், அதனால் முள்ளாம். மரியாதையை இப்படியும் காட்டலாம் போலிருக்கிறது. அடுத்த தப்பு, படிக்கட்டை அளக்க டேப்பை இழுத்தது. சர்ரென்று சத்தம் கேட்டு இரண்டு அறை தள்ளியிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். பூபதி கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டான்.

தோட்டத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். கூரைமேல் புகைபோக்கிகள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன, ஒரு பில்லர் கம்பிகூட நீட்டிக்கொண்டில்லை. நம் ஊரில் யார் வீடு கட்டினாலும் நாளைக்குப் பையன் மேலே ஒரு மாடி எழுப்புவான் என்று கம்பியை விட்டு வைப்போம். இவர்களுக்கு அந்த ஆசையே இல்லையா? பூபதியிடம் கேட்டேன். அவன் டீ வாங்கப் போய்விட்டான்.

ஜூன் 15

அண்ணாந்து பார்த்ததில் கழுத்து திரும்பவில்லை. தெய்வானை விளக்கெண்ணெய் தேய்த்தாள், கூடவே இரண்டு வசவும்.

ஜூன் 19

மோல்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று பூபதி சாப்பிடும்போது கேட்டான். ஏன் என்றேன். சும்மாதான் என்றான். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, கம்பி இறக்கியாகிவிட்டது, தள்ளுவதாவது என்று ஒரு மூச்சு பேசினேன். தெய்வானை எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தாள், கிண்ணம் வழியும்வரை.

ஆபீசில் ஏதோ நெருக்கடி போல. பையன் முகம் சரியில்லை.

ஜூன் 21, சனி

கிடைத்துவிட்டது!

மார்லிங்கோட் என்ற ஊரில் ஒரு பங்களா. வெளியே பார்த்தால் கிரேல்ஸ்டனில் பாதிதான் இருக்கும். இதுக்கா இவ்வளவு தூரம் என்றுகூட முனகினேன். உள்ளே போனால் வட்டமான கூடம். சுவரைச் சுற்றிக்கொண்டு கல்படி மேலே போகிறது. தாங்க ஒரு தூண் இல்லை, ஒரு உத்திரம் இல்லை. ஒவ்வொரு படியும் ஒரு முனை சுவருக்குள், மறுமுனை அந்தரத்தில். உச்சியில் கண்ணாடிக் கூண்டு, அதிலிருந்து வெளிச்சம் படி படியாக இறங்கி வருகிறது. நான் கோயிலில்கூட கண் கலங்குகிறவன் இல்லை. இங்கே கலங்கிவிட்டேன். யாரோ ஒருவன் மனதில் இதை முதலில் பார்த்திருக்கிறான், பிறகு கல்லை வெட்டியிருக்கிறான். நான் என் வாழ்நாளில் லட்சக்கணக்கில் பனியன் தைத்து அனுப்பினேன், ஒன்றாவது இந்தப் படியில் ஒரு படிக்கு ஆகுமா?

ஏறினேன். ஏறுகிற மாதிரியே தெரியவில்லை. அறுபத்தெட்டு வயதில் மூச்சு வாங்காமல் மேலே போய் நின்றேன். என் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை, அது ஆண்டவன் கொடுத்தது. இறங்கி வந்து மறுபடி ஏறினேன். கீழே காவல் நின்ற நெட்டை மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரஹாம் என்று சட்டையில் எழுதியிருந்தது. இந்த முறை பூபதியை அனுப்பி முறையாகக் கேட்கச் சொன்னேன்: ஊரில் வீடு கட்டுகிறோம், மகனுக்கு மாடி, அதற்குப் படி வேண்டும். பூபதி என்ன சொன்னானோ, நான் சொன்னதில் பாதியைத்தான் சொல்லியிருப்பான், அந்த மனிதர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் படியோரத்துத் தடுப்புக் கயிற்றைத் தூக்கி என்னை உள்ளே விட்டார். டேப்பின் மறுமுனையை அவரே குனிந்து பிடித்துக்கொண்டார். உயரம் ஐந்து அங்குலம்கூட முழுசாக இல்லை. அகலம் நம் படியைப்போல ஒன்றரை மடங்கு. நீண்ட பாவாடை கட்டிய பெண்கள் தடுக்காமல் ஏறுவதற்காக இப்படி வைத்தார்களாம். சேலைக்கும் அது பொருந்தும் அல்லவா! கை கொடுத்துவிட்டு வந்தேன்.

தெய்வானை படியைப் பார்க்கவில்லை. அவள் கீழே சமையற்கட்டில் இருந்தாள். தாமிரப் பாத்திரங்கள் வரிசையாகச் சுவர் முழுக்க. மேலே மணிகள் வரிசை, ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர். எந்த அறையில் கயிற்றை இழுத்தாலும் இங்கே அந்த மணி அடிக்கும். வேலைக்காரன் ஓட வேண்டும்.

"ஏனுங்க, இத்தன ரூமையும் ஆருங்க கூட்டுவா?" என்று கேட்டாள்.

ஆள் வைத்திருப்பார்கள் என்றேன்.

"இந்த வீட்டைச் சொல்லலீங்க. நம்ம வீட்டைச் சொன்னேன்."

மருமகள் இருக்கிறாள், வேலைக்கு ஆள் இருக்கிறது, உனக்கு எப்போதும் இதே கவலைதான் என்றேன். அவள் மணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோட்டத்திலிருந்தே மாரப்பனுக்கு வீடியோவில் படியைக் காட்டினேன். தூணே இல்லாமல் நிற்காதுங்க முதலாளி என்றான். இங்கே நின்றுகொண்டிருக்கிறதடா, அதைத்தானே காட்டுகிறேன் என்றேன்.

ஜூன் 24

இந்துஜா பெயிண்ட் கலர் அட்டை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாடகை வீட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டேன். தெய்வானை அட்டையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, உங்களுக்கு மோர் வேண்டுமா என்று கேட்டாள். இந்தக் குளிரில் யார் மோர் குடிப்பார்கள்?

ஜூன் 28, சனி

மழை. ஆனாலும் போனோம். வீட்டின் பெயர் வாயில் நுழையவில்லை. மேல் மாடியில் நீளமான ஒரு கூடம், இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடிக்குக் கேட்காது. மழைக் காலத்தில் வீட்டுப் பெண்கள் நடை பழகுவதற்காகக் கட்டியதாம். நடப்பதற்கு ஒரு கூடம்! சுவர் முழுக்க அந்தக் குடும்பத்தின் முன்னோர் படங்கள். அப்பன் பக்கத்தில் மகன், மகன் பக்கத்தில் பேரன். எல்லோருக்கும் ஒரே மூக்கு. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று பார்த்தேன். ஓர் ஆள் பிறந்த அறையிலேயே அவன் பேரனும் பிறந்திருக்கிறான். பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கூடத்தின் நடுவில் பூபதி என் பக்கத்தில் வந்து நின்றான். அப்பா, ஒன்னு சொல்லோணும் என்றான். இரு, இந்த ஜன்னலின் கீல் எப்படி வைத்திருக்கிறான் என்று பார் என்றேன். பார்த்தான். நல்ல கீல்.

ஜூலை 1

பூபதியின் கார் சாயங்காலம் ஒரு தெருவில் மெதுவாகப் போனது. செங்கல் வீடு ஒன்றின் முன் விற்பனைப் பலகை, அதன்மேல் விற்றாகிவிட்டது என்று குறுக்கே சிவப்புப் பட்டை. அந்த வீட்டைப் பின்சீட்டிலிருந்த தெய்வானை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கென்ன, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

இன்று பார்த்த வீட்டுக்குக் கூரை இல்லை.

டன்வெல்பி ஹால். நான்தான் கேட்டேன், ரோட்டோரத்துப் பலகையில் படம் பார்த்துவிட்டு. வேண்டாங்ப்பா, அது இடிஞ்ச வீடு என்றான் பூபதி. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன், நிறுத்து என்றேன்.

ஆள் காவல் இல்லை, டிக்கெட் இல்லை. மேட்டின்மேல் நான்கு சுவரும் அப்படியே நிற்கின்றன. தூண்கள் வைத்த முகப்பு, மலைபோல வாசல். உள்ளே காலை வைத்தால் புல். அண்ணாந்தால் வானம். மாடி இருந்த இடத்தில் தளமே இல்லை, ஆனால் சுவரில் அந்தந்த உயரத்தில் கணப்படுப்புகள் இன்னும் இருக்கின்றன. நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்த இடம், அந்தரத்தில், ஒன்றின்மேல் ஒன்று. அதற்குள் காக்கை மாதிரி ஒரு பறவை கூடு கட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்து ஜன்னலில் மேகம் போகிறது. ஓவியம் வரைந்த கூரையின் கீழ் நின்றபோதுகூட எனக்கு இப்படி இல்லை. பயமா, பக்தியா என்று தெரியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டேன். புல் ஈரமாக இருந்தது. தெய்வானையும் கழற்றினாள்.

நம் வீடும் இன்றைக்கு இப்படித்தான் நிற்கிறது, சுவர் இருக்கிறது, கூரை இல்லை. அது தொடக்கம், இது முடிவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது.

வாசலோரம் ஒரு பலகையில் வீட்டின் கதை எழுதியிருந்தது. பூபதி படித்துச் சொன்னான். யாரோ ஒரு சீமான் கட்டினாராம், நன்றாக வாழ்ந்தார்களாம், பிறகு பராமரிக்க முடியாமல் கூரை ஈயத்தையும் மரத்தையும் கழற்றி விற்றுவிட்டார்களாம். நல்லது என்றேன்.

அவன் காருக்குப் போன பிறகு நான் பலகையருகில் நின்றேன். முப்பது வருடமாக பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களின் ஆர்டரை எல்லாம் நானேதான் படிக்கிறேன். பேச வராது, எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நடுவில் இரண்டு வரியை அவன் சொல்லவில்லை. ஒரே மகன் கனடாவுக்குப் போனான். அப்பா அவனுக்காக மேற்குப் பக்கம் புதுக்கட்டு எழுப்பி முடித்தார், அவன் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் இருந்தது. புதுக்கட்டு எது என்று தேடினேன். அதுதான் முதலில் விழுந்திருக்கிறது, அடித்தளம் மட்டும் தெரிகிறது.

பசித்தது. வழியில் சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூலை 6

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 7

மழை.

ஜூலை 9

முட்டி வலி. படி ஏற முடியவில்லை, ஹாலிலேயே படுத்துக்கொண்டேன். தெய்வானை தைலத்தோடு வந்து எந்த முட்டி என்று கேட்டாள். இடது என்றேன். நேத்து வலதுன்னீங்களே என்றாள். இரண்டும்தான் என்று வள்ளென்று விழுந்தேன். இரண்டுக்கும் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வந்த அன்றே மருமகள் சொல்லிவிட்டாளாம். "நான் எப்படிங்க உங்ககிட்டச் சொல்லுவேன்?" என்றாள். நான் முட்டி வலியைப் பற்றித்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

கடைசி வீடு. அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறோம். சின்ன ஜமீன் வீடு, சுற்றிலும் அகழி, ஒரு மரப்பாலம். ஐந்நூறு வருடத்து வீடு, சுவர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. உத்திரம் ஒவ்வொன்றும் ஒரு முழு ஓக் மரம், செதுக்கிய உளியின் தழும்புகூட அழியாமல் இருக்கிறது. தண்ணீரில் வீடு தலைகீழாகத் தெரிந்தது. உள்ளே மாடிக்குப் போகவில்லை. அகழி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பூபதியையும் உட்காரச் சொன்னேன். தெய்வானையும் இந்துஜாவும் வாத்துகளுக்கு ஏதோ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாடி வேண்டான்னு இருக்கறேன் சாமி."

"ஏனுங்ப்பா?"

"முட்டி. இந்த ஊருப் படியெல்லாம் ஏறி எறங்கித்தான் தெரிஞ்சுது. கீழயே ஒரு ரூம் சேத்திப் போட்டுக்கலாம். நீங்க வந்தா தங்கறதுக்கு."

அவன் தண்ணீரையே பார்த்தான். அவனுக்கு ஏழு வயதில் மிதிவண்டியோடு வாய்க்காலில் விழுந்தபோதும் இப்படித்தான் இருந்தான், நான் வந்து தூக்கும்வரை அழவில்லை.

நினைத்ததை அப்போதே செய்துவிடுவது என் பழக்கம். மாரப்பனைக் கூப்பிட்டேன். மாடி இல்லை, மோல்டோடு வேலை நின்றுவிடும் என்றேன். அவனுக்கு வருத்தம், பெரிய வேலை கை நழுவுகிறதே. சரிங்க என்றான். பிறகு அவன் தொழிலுக்கு என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டான்.

"பில்லர் கம்பிய என்னங்க பண்றது முதலாளி? நீட்டி உட்றட்டுங்களா, அறுத்துப் போடட்டுங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரே அந்த ஐந்நூறு வருடத்துக் கூரை, அதில் ஒரு கம்பியும் இல்லை.

"அறுத்துரு" என்றேன்.

பூபதி என் கையைப் பிடித்துவிட்டான். "வேண்டாங்ப்பா. கம்பி இருக்கட்டும்."

"துருப் புடிச்சுரும் சாமி."

அவ்வளவுதான், உடைந்துவிட்டான். நடுவெயிலில், அத்தனை வெள்ளைக்காரர்கள் போய் வருகிற இடத்தில், முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை. ஒன்னு சொல்லோணும்ப்பா, ரெண்டு வருசமா சொல்லோணும்னு இருக்கறேன் என்று தொடங்கினான். சொல்லவிடவில்லை. சொன்னால் அவனுக்கும் பாரம், கேட்டால் எனக்கும் பாரம்.

"அந்தப் பலகைல நீ உட்டுப்போட்ட ரெண்டு வரிய நான் படிச்சுட்டேன். எந்த வீடு வாங்கியிருக்கற, நாளைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டு."

மாரப்பன் இன்னும் லைனில்தான் இருந்தான், பாவம். அப்புறம் கூப்புடறனுங்க என்று வைத்துவிட்டான்.

எனக்கு வருத்தமா? இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு சுவர் விழுந்த மாதிரிதான் இருந்தது. இதை எழுதுகிறபோதும் இருக்கிறது. ஆனால் பையன் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது பாட்டுக்குத் தாளம் போட்டான். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் போட்டான்.

ஜூலை 13

அந்தச் செங்கல் வீடுதான். மூன்று படுக்கையறை, பின்னால் துண்டுத் தோட்டம், அதில் ஓர் ஆப்பிள் மரம். எல்லாம் சேர்த்து மார்லிங்கோட்டின் சமையற்கட்டில் அடங்கிவிடும். எந்த அறைக்கு எந்தக் கலர் என்று இந்துஜா தெய்வானைக்குச் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு பேரும் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

மாடிப்படி குறுகல், செங்குத்து. இதில் எப்படியடா கட்டிலை ஏற்றுவாய் என்று கேட்டு டேப்பை எடுத்தேன். பூபதி குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவன் உச்சந்தலையில் ஒரு நரை தெரிந்தது. இத்தனை வாரமாக எவ்வளவு பெரிய கூரைகளை எல்லாம் அண்ணாந்து பார்த்தேன். என் பிள்ளை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய படியைத்தான் மூன்று தடவை அளந்தேன்.

அளவு வெளியே சொல்கிற மாதிரி இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கட்டிலைப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 28, திருப்பூர்

மோல்டு போட்டு ஒரு வாரமாகிறது. அன்று காலையில் பூஜை, மதியத்துக்குள் கான்கிரீட் முடிந்தது, ஆட்கள் எல்லோருக்கும் பிரியாணி. பூபதி வீடியோவில் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான், ஆபீசுக்கு லீவு போட்டானாம்.

படி மட்டும் மார்லிங்கோட் படிதான். தூணில்லாமல் நிற்காது என்று மாரப்பன் ஒற்றைக் காலில் நின்றதால் நடுவில் ஒரு தூண் கொடுத்தோம். உயரம் ஐந்து அங்குலத்துக்குள். மொட்டை மாடிக்குப் போறதுக்கா இத்தனை சோக்குப் படி என்று ஆள் ஆளுக்குக் கேட்கிறார்கள். ஆமாம், மொட்டை மாடிக்குத்தான். சாயங்காலம் அங்கே ஏறிப்போய் உட்கார்ந்தால் சென்னிமலை தெரியும். ஏறுவதே தெரியாது.

கான்கிரீட் இன்னும் நன்றாக இறுகிய பிறகு கம்பியை அறுக்க ஆள் வரும். எல்லாவற்றையும் அறுத்துவிடு என்று மாரப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தெய்வானை மேலே வந்தாள். அந்த மூலையில் ஒன்றும் இந்த மூலையில் ஒன்றும் இருக்கட்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"கொடி கட்டறதுக்குங்க. துணி காயப்போடோணுமல்ல."

துணி காயப்போட இரண்டு பில்லர் கம்பிக் கட்டா என்று மாரப்பன் சிரித்தான். அவ சொல்றபடி செய் என்றேன்.

அவன் போன பிறகு ஒரு வாளியில் சிமெண்டுப் பால் கரைத்து, பிரஷ் எடுத்து, அந்த இரண்டு கட்டுக்கும் அடிமுதல் நுனிவரை நானே பூசினேன். நன்றாகப் பூசினால் பத்து வருடத்துக்குத் துரு அண்டாதாம். வெள்ளைத் துணி காயப்போடுகிற இடம், துருக் கறை படிந்தால் போகாது.